அப்பாவின் வீட்டை விற்க வேண்டும்: கராஜ் தரையில் நட்சத்திர வெடிப்பு, பைரைட்டாக இருக்குமா?

பனங்கூடல்

வணக்கம். மொன்றியலின் தெற்குக் கரையில், பிரோசாரில் எங்கள் வீடு இருக்கிறது. 1986-இல் கட்டியது, அப்பா 1989-இல் வாங்கினார். போன மார்கழியில் அவர் தவறிவிட்டார். அம்மா ரொறன்ரோவில் தங்கையோடு இருக்கப் போகிறார். நான் மொன்றியலுக்கு வடக்கே லாவலில் இருக்கிறேன். அதனால் விற்பதென்று முடிவு செய்து ஒரு முகவரைக் கூப்பிட்டோம்.

மனிதர் குசினியையும் மேல்மாடியையும் பார்த்து நன்றாகத்தான் கதைத்துக்கொண்டு வந்தார். கராஜுக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றுவிட்டது. தரையின் நடுவில் ஒரு புள்ளியிலிருந்து ஐந்து திசைக்கு வெடிப்பு ஓடுகிறது. நடுப்பகுதி கொஞ்சம் உயர்ந்தும் இருக்கிறது. தும்புத்தடியைக் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் ஆடுகிறது. காரிலிருந்து உருகி வழியும் பனித் தண்ணீர் வாசலுக்குப் போகாமல் சுவரோரம் போய்த் தேங்குகிறது. வெடிப்பு நெடுக வெள்ளையாக ஒரு தூள். அது வீதியில் கொட்டும் உப்பு, டயரில் ஒட்டி வருகிறது என்று அம்மா இத்தனை வருடமும் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தார்.

"எப்பொக்சி பெயின்ட் அடித்துவிடுங்கள், படத்தில் அழகாக விழும்" என்றார் முகவர். தரைக்குக் கீழே உள்ள கல்லில் இருந்து தரையைத் தூக்குமே, அந்தப் பைரைட் கனிமமா என்று கேட்டேன். "நீங்கள் கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டி வரும்" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

விற்பதற்கு முன் நாங்களே பரிசோதனை செய்வதா, அல்லது வாங்குகிறவர் கேட்டால் பார்த்துக்கொள்வதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை

பரிசோதனை செய்யாதீர்கள். செய்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் எழுத வேண்டும், எழுதினால் விலை விழும். தெற்குக் கரையில் நாற்பது வருட வீடு ஒன்றில் கராஜ் வெடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். வாங்குகிறவர் தன் ஆளைக் கூட்டி வரட்டும். பெயின்ட் அடிக்க வேண்டாம், அது அசிங்கம். பேசாமல் இருங்கள், போதும்.

சீமெந்துக்கை

தம்பி, நான் இந்த ஊரில் முப்பது வருடம் கொங்கிரீட் வேலை செய்தவன். முதலில் தரைக்குக் கீழே என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள், விற்பதைப் பிறகு பார்க்கலாம்.

அத்திவாரச் சுவர் எழுப்பிய பிறகு உள்ளே சல்லிக்கல்லைக் கொட்டி, இறுக்கி, அதன்மேல்தான் தரை ஊற்றுவார்கள். அந்தக் காலத்தில் பக்கத்துக் கல்லுடைப்புகளில் எது மலிவோ அது வந்தது. களிமண் தன்மையான கறுப்புக் கல் நிறைய வந்தது. அதற்குள் பைரைட் கண்ணுக்குத் தெரியாத பொடியாக இருக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம் அது. ஈரமும் காற்றும் பட்டால் கந்தக அமிலமாக மாறும். அமிலம் அதே கல்லில் இருக்கும் சுண்ணாம்பைத் தின்று ஜிப்சமாகும். ஜிப்சம் பளிங்கு பிடிக்கும்போது அதற்கு இடம் வேண்டும். கீழே மண், பக்கத்தில் அத்திவாரம், அதனால் மேலேதான் தள்ளும். நாலு அங்குலத் தரை அந்தத் தள்ளலுக்குத் தாங்காது. சுவரோரம் பிடித்துக்கொண்டு நிற்கும், நடுவில் எழும்பும், நட்சத்திரமாக வெடிக்கும். இது ஒரு பனிக்காலத்தில் நடப்பது இல்லை. பத்து, பதினைந்து வருடம் சத்தமில்லாமல் இருந்துவிட்டுத்தான் முகம் காட்டும்.

கராஜில் முதலில் தெரிவதற்கும் காரணம் உண்டு. அங்கே கல் நிரப்பிய ஆழம் அதிகம். பேஸ்மென்டில் ஓர் அடி என்றால் கராஜில் நாலு, ஐந்து அடிகூட இருக்கும். கல் கூடக் கூட வீக்கமும் கூடும்.

வெள்ளைத் தூளை மட்டும் வைத்து முடிவு சொல்ல மாட்டேன். அம்மா சொன்னதுபோல வீதி உப்பாகவும் இருக்கலாம், ஈரத்தோடு கொங்கிரீட்டிலிருந்து வெளியேறும் சுண்ணாம்பாகவும் இருக்கலாம். கார் ஏறாத இடத்தில், பேஸ்மென்டில், அதே தூள் இருக்கிறதா? கதவு ஏதாவது இறுகுகிறதா? உள்சுவர் மேலே கூரைப் பலகையை முட்டுகிறதா? பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். 1987-இல் வந்த புதிதில் அந்தக் கல்லைக் கைவண்டியில் தள்ளிக் கொட்டியவர்களில் நானும் ஒருவன். எங்கிருந்து வந்த கல் என்று யாரும் கேட்கவில்லை.

எறும்பு

பைரைட் என்றால் தங்கம்போல மினுங்குமே, அந்தக் கல்லா? வெட்டி எடுத்தால் காசு வருமா?

சீமெந்துக்கை

அதே கனிமம்தான். ஆனால் இதற்குள் மினுங்குவதைப் பார்க்க நுணுக்குக்காட்டி வேண்டும். வெட்டி எடுக்கக் காசு போகும், வராது.

பனங்கூடல்

ஐயா, தம்பி இல்லை, தங்கச்சி. நன்றி, விளங்கும்படி எழுதியிருக்கிறீர்கள்.

நீங்கள் கதவைப் பற்றிக் கேட்டதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. பேஸ்மென்ட் குளியலறைக் கதவை அப்பா சீவுளியால் சீவிக்கொண்டே இருப்பார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அது நடந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த சீவுளி அது. சனிக்கிழமையில் கதவைக் கழற்றி இரண்டு கதிரைக்கு மேல் படுக்கவைத்து அடிப்பக்கத்தைச் சீவுவார், சுருள் சுருளாக விழும், நாங்கள் பொறுக்கி விளையாடுவோம்.

நேற்று இரவு நானே அதைக் கழற்றினேன். அடிப்பக்கம் நேராக இல்லை. கீல் பக்கத்தில் சரியாக இருக்கிறது, பிடி இருக்கும் பக்கம் போகப் போகச் சரிந்து, மூலையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்குக் குறைந்திருக்கிறது. அடி விளிம்பில் பெயின்ட் மூன்று நிறத்தில் இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் வீட்டில் மிச்சமிருந்ததைத் தொட்டு அடித்திருக்கிறார். கீல் பக்கத்து விளிம்பில், கதவு மாட்டியிருக்கும்போது கண்ணில் படாத இடத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறார்: "மார்கழி 98", "தை 2004", "மாசி 2011".

தரையில் கதவு உரசிய கால்வட்டக் கோடு லினோலியத்தில் நன்றாகப் பதிந்திருக்கிறது. வெள்ளைத் தூள் பேஸ்மென்டில் இல்லை.

மரம் உப்புகிறது என்றுதான் அப்பா எப்போதும் சொல்வார்.

சீமெந்துக்கை

தங்கச்சி, மன்னிக்க வேண்டும்.

அந்த மாதங்களை இன்னொரு தடவை பாருங்கள். மார்கழி, தை, மாசி. இந்த ஊரில் மரம் உப்புவது கோடையில், காற்றில் ஈரம் இருக்கும்போது. பனிக்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடு காய்ந்து, மரம் சுருங்கிக் கதவு தளர வேண்டும். மரம் சுருங்கியிருக்கும் காலத்தில் கதவு உரசுகிறது என்றால் கதவு வளரவில்லை, தரைதான் எழும்பியிருக்கிறது. சூடு இருக்கும் பேஸ்மென்டில் பனி உறைந்து தூக்கியது என்றும் சொல்ல முடியாது. மூன்று தடவையும் ஒரே திசையில் போயிருக்கிறது, திரும்பி இறங்கவில்லை.

இது பைரைட்தான் என்று நான் கையெழுத்து வைக்க மாட்டேன், அதை ஆய்வுகூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் இவ்வளவு அடையாளத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் சொல்ல மாட்டேன்.

கணக்குப்பிள்ளை

உங்கள் அப்பாவுக்கு என் அஞ்சலி. ஆனால் நான் சொன்னதை மாற்றவில்லை. இது மரணச் சொத்து. "வாரிசுகள் அந்த வீட்டில் வாழவில்லை, எதுவும் தெரியாது, சட்டப்படியான உத்தரவாதம் இல்லாமல், வாங்குகிறவரின் பொறுப்பில்" என்று ஒரு வரி எழுதி நூற்றுக்கணக்கான வீடுகள் விற்கப்படுகின்றன. நீங்களும் அதைச் செய்யுங்கள். விலை கொஞ்சம் குறையும், தலை தப்பும்.

கோப்புக்கட்டு

நான் ஒரு நொத்தாரிசு (சொத்து உறுதி எழுதும் நோட்டரி) அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நான் நொத்தாரிசு இல்லை, இது சட்ட ஆலோசனையும் இல்லை. தினமும் கையில் புரளும் விஷயத்தைச் சொல்கிறேன்.

முதல் கேள்வி: வீட்டு உறுதிப் பத்திரத்தில் யாருடைய பெயர் இருக்கிறது?

பனங்கூடல்

அப்பா, அம்மா இரண்டு பேருடைய பெயரும்.

கோப்புக்கட்டு

அப்படியென்றால் கணக்குப்பிள்ளை அண்ணா சொன்ன வரி உங்களுக்கு ஒத்துவராது. பாதி வீடு அம்மாவுடையது. அவர் முப்பத்தைந்து வருடம் அங்கே வாழ்ந்தவர். "விற்பவர் அந்த வீட்டில் வாழவில்லை" என்று அம்மா எப்படிக் கையெழுத்து வைப்பார்?

கியூபெக் குடியியல் சட்டக் கோவையின் 1726-ஆம் பிரிவு, விற்ற பொருளில் மறைந்திருக்கும் குறைக்கு விற்றவரையே பொறுப்பாக்குகிறது. விற்றவருக்குத் தெரியாமல் இருந்தாலும் அந்தப் பொறுப்பு உண்டு. வாங்கியவருக்கு முன்பே தெரிந்த குறைக்கும், நிபுணர் இல்லாமலேயே கவனமான ஒருவர் கண்டுபிடிக்கக்கூடிய குறைக்கும் மட்டும் இல்லை. அதாவது நீங்கள் ஒரு குறையை எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தக் குறை உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. பலரும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று நினைக்கிறார்கள்.

1728-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. விற்றவருக்குக் குறை தெரிந்திருந்தால், அல்லது தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றால், விலையில் கழித்துக் கொடுப்பதோடு முடியாது, வாங்கியவர் பட்ட நட்டம் முழுவதையும் கொடுக்க வேண்டும். "தெரியாமல் இருந்திருக்க முடியாது" என்பதைக் கவனியுங்கள். பரிசோதனை செய்யாமல் கண்ணை மூடிக்கொள்வதற்கு எதிராகவே எழுதிய சொற்கள்போல இருக்கின்றன. மூன்று தடவை சீவி, பென்சிலால் மாதம் குறித்த கதவை ஒரு நீதிபதிக்கு முன்னால் வைத்தால் அவர் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

உத்தரவாதம் இல்லாமல் விற்க முடியாதா என்றால், முடியும். தொழில்முறை விற்பனையாளர் அல்லாத ஒருவர், வாங்குகிறவரின் பொறுப்பில் என்று எழுதி விற்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் தெரிந்ததை மறைத்து அந்த வரியைப் போட்டால் அது ஏமாற்று. ஏமாற்றை அந்த வரி காப்பாற்றாது.

முகவர் மூலம் விற்கும் சிறிய குடியிருப்புகளுக்கு 2012 ஜூலையிலிருந்து விற்பவரின் அறிவிப்புப் படிவம் கட்டாயம். அதில் "எங்கள் வீட்டில் பைரைட் இருக்கிறது" என்று முடிவு சொல்ல வேண்டியதில்லை. கண்டதை எழுதுங்கள்: கராஜ் தரையில் வெடிப்பு, நடுவில் உயர்வு, பேஸ்மென்ட் கதவு மூன்று தடவை சீவப்பட்டது, இந்த இந்த மாதங்களில். அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை

உறுதியில் அம்மாவின் பெயர் இருப்பது எனக்குத் தெரியாது. அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மற்றதை இல்லை.

மூன்றாம்பனி

நான் மறுபக்கத்தில் நின்றவன், வாங்கியவன்.

சாம்பல் நிற கராஜ் தரை, கண்ணாடிபோல. "பாருங்கள், எவ்வளவு துப்புரவு" என்று மனைவியிடம் சொன்னவன் நான்தான். பதினான்காம் மாதம் அந்தப் பெயின்டில் முடி அளவுக்கு ஒரு கோடு. அடுத்த வசந்தத்தில் பெயின்ட் செதிலாகக் கிளம்பியது. அடியில் பார்த்தால் வெடிப்பை நிரப்பிய பசை, அதுவும் இரண்டு நிறத்தில். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை அடைத்திருக்கிறார்கள்.

சட்டத்தரணி சொன்னபடி உடனே எழுத்தில் அறிவித்தேன். அதைச் செய்யாமல் உடைத்துத் திருத்தினால் வழக்கு பலவீனமாகிவிடும், விற்றவருக்கு வந்து பார்க்க வாய்ப்புக் கொடுக்க வேண்டும். வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருடம் என்றார். அதற்குப் பிறகு விற்றவருடைய நிபுணர், என்னுடைய நிபுணர், அவருடைய நிபுணரின் அறிக்கைக்கு என்னுடைய நிபுணரின் பதில். மூன்று பனிக்காலம் போனது. கடைசியில் நீதிமன்ற வாசலில் சமரசம். வந்த பணத்தில் பாதிக்கு மேல் சட்டத்தரணிக்கும் நிபுணர்களுக்கும் போனது. தரையை என் காசில்தான் மாற்றினேன்.

விற்றவரும் நம்மவர். கோவிலில் இப்போதும் பார்க்கிறேன். அவர் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு பின்வாசலால் போகிறார், நான் முன்வாசலால் போகிறேன்.

கணக்குப்பிள்ளை, பேசாமல் இருங்கள் என்று எழுதினீர்கள். அவரும் பேசாமல்தான் இருந்தார்.

கணக்குப்பிள்ளை

அவர் பேசாமல் இருக்கவில்லை. பெயின்ட் அடித்தார், அதுவும் இரண்டு தடவை அடைத்துவிட்டு. நான் பெயின்ட் வேண்டாம் என்றுதான் எழுதினேன், மேலே பாருங்கள்.

மட்டுறுத்துநர்

இரண்டு பேரும் தனிமடலில் தொடரலாம். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

லிஃபிக்கரை

நான் திருநெல்வேலிக்காரன், டப்ளினில் இருக்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எங்கள் தெருவே கண்முன் வந்தது.

அயர்லாந்தில் கட்டுமானம் கொடிகட்டிப் பறந்த காலத்து வீடுகள் இவை. டப்ளின், மீத், கில்டேர், ஆஃபலி மாவட்டங்களில் தரைக்குக் கீழே போட்ட ஜல்லியில் பைரைட் இருந்தது. 2012-இல் அரசு அமைத்த குழு, 12,250 வீடுகள் வரை பாதிக்கப்படக்கூடும் என்று கணித்தது. 2013-இல் தனிச் சட்டமே வந்தது. தகுதியுள்ள வீடுகளுக்கு அரசுத் திட்டத்தின் கீழ் தரையை உடைத்து, ஜல்லியை அள்ளி, புதிதாகக் கான்கிரீட் போட்டுக் கொடுக்கிறார்கள். குடும்பம் சில மாதம் வேறு வீட்டில் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ஒரு சான்றிதழ் தருவார்கள். இங்கே வீடு விற்கும்போது வழக்கறிஞர் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

அந்தத் திட்டத்திலும் உங்கள் ஊர்ச் சட்டத்தின் சாயல் இருக்கிறது. 2013 டிசம்பர் 12-க்குப் பிறகு, பைரைட் இருப்பது தெரிந்தோ, தெரிந்திருக்க வேண்டிய நிலையிலோ வீட்டை வாங்கியவருக்கு உதவி கிடையாது. ஆகவே வாங்குகிறவர்கள் துருவித் துருவிக் கேட்கிறார்கள். கேட்காமல் வாங்கினால் பிறகு கை விரித்துவிடுவார்களே என்ற பயம்.

எங்கள் தெருவில் ஒரே வரிசையில் எட்டு வீடுகள். சான்றிதழ் உள்ளது விற்றது. திட்டத்துக்கே விண்ணப்பிக்காமல் "எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை" என்று சொன்னவரின் வீடு ஒன்றரை வருடம் விற்பனைப் பலகையோடு நின்றது. அவர் வீட்டில் உண்மையிலேயே ஒன்றும் இல்லாமல் இருந்திருக்கலாம். அதைக் காட்டக் கையில் காகிதம் இல்லை.

எறும்பு

கியூபெக்கிலேயே துருவா றிவியேர் நகரில் வீட்டையே தூக்கிவைத்து அத்திவாரத்தை உடைத்தார்களே, அதுவும் இதுதானா? பனங்கூடல் அக்கா வீட்டையும் அப்படித் தூக்க வேண்டுமா?

சீமெந்துக்கை

இல்லை, இல்லை. இதைக் குழப்பித்தான் பாதிச் சனம் பயப்படுகிறது.

அங்கே நடந்தது பைரோடைட். பைரைட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரி, ஆனால் குணம் மோசம், விரைவாக அரிக்கும். அது நிரப்பிய கல்லில் இருக்கவில்லை, கொங்கிரீட்டுக்குள்ளேயே கலந்த கல்லில் இருந்தது. ஆகவே அத்திவாரச் சுவரே உள்ளிருந்து வெடித்தது. வீட்டை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சுவரை இடித்து, புதிதாக ஊற்ற வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கான வீடுகள். 2014-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது, மேன்முறையீட்டுத் தீர்ப்பு வர 2020 ஆனது.

பனங்கூடலின் வீட்டில் சந்தேகம் தரைக்குக் கீழே உள்ள கல்லில்தான். தரையை உடைத்து, கல்லை முழுவதும் அள்ளி, பைரைட் இல்லை என்று சான்று பெற்ற டிபி கல்லைப் போட்டு, பிளாஸ்டிக் விரித்து, புதுத் தரை ஊற்ற வேண்டும். அழுக்கான வேலை, செலவும் உண்டு, ஆனால் வீடு விழாது. கராஜில் வீக்கம் கூடினால் சுவரை வெளிப்பக்கமாகத் தள்ளும், அதைத்தான் கவனிக்க வேண்டும். தங்கச்சி, கராஜ் சுவரின் வெளிப்புறத்தில் கிடையாக வெடிப்பு இருக்கிறதா?

பனங்கூடல்

இல்லை ஐயா, பார்த்தேன். வெளியே ஒன்றுமில்லை.

வீட்டில் பெரிய சண்டை நடந்து முடிந்தது. பெயின்ட் அடித்து விற்றுவிட்டு வா என்கிறாள் தங்கை. அவளுக்கு அம்மாவைத் தன்னோடு வைத்திருக்க ஓர் அறை கூடுதலாக வேண்டும், அந்தப் பணத்தை நம்பியிருக்கிறாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா இரண்டு நாள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மூன்றாம்பனி எழுதியதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். "கோவிலுக்குப் பின்வாசலால் போக என்னால் ஏலாது" என்றார். அவ்வளவுதான்.

பரிசோதனைக்குச் சொல்லிவிட்டேன்.

பனங்கூடல்

நேற்று வந்தார்கள். யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

இரண்டு இளைஞர்கள், ஒரு துளைக்கும் இயந்திரம். கராஜில் ஒரு துளை, பேஸ்மென்டில் ஒன்று. கொங்கிரீட்டை உருளையாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, துளைக்குள்ளிருந்து கல்லை ஆழம் ஆழமாக அள்ளிப் பைகளில் போட்டு எழுதினார்கள். கராஜில் நாலரை அடி கல், பேஸ்மென்டில் ஓரடிக்குக் கொஞ்சம் மேல். கொங்கிரீட் உருளையின் அடிப்பக்கத்தை ஒரு பையன் விரலால் சுரண்டினான், வெள்ளையாக மாவுபோல உதிர்ந்தது. ஒன்றும் சொல்லவில்லை, சொல்லக் கூடாது போல. துளையைச் சீமெந்தால் அடைத்துவிட்டுப் போனார்கள். பேஸ்மென்டில் அடைத்த இடம் இப்போது கறுப்பு நிலா மாதிரி இருக்கிறது. முழுவதற்கும் 1,150 டொலர் கொடுத்தேன். அறிக்கைக்கு மூன்று கிழமை.

அப்பா இருந்திருந்தால் அந்த இயந்திரத்தைப் பற்றி அவர்களிடம் நூறு கேள்வி கேட்டிருப்பார்.

பனங்கூடல்

அறிக்கை வந்துவிட்டது. ஐபிபிஜி என்று ஓர் எண் கொடுக்கிறார்கள், கல்லின் வீங்கும் தன்மையைக் காட்டுவது, 0 முதல் 100 வரை. கராஜில் 38. பேஸ்மென்டில் 14. கராஜ் கல்லில் ஜிப்சம் பிடித்திருக்கிறது, வீக்கம் நடந்துகொண்டிருக்கிறது, இன்னும் நடக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். பேஸ்மென்டில் தன்மை குறைவு, ஆனால் இல்லை என்று சொல்லவில்லை.

இனி என்ன? திருத்திவிட்டு விற்பதா, விலையைக் குறைத்து அப்படியே விற்பதா?

சீமெந்துக்கை

10-க்குக் கீழே இருந்தால் மறந்துவிடுங்கள் என்று சொல்லியிருப்பேன். 38 அப்படி இல்லை. கராஜ் தரையை மாற்றத்தான் வேண்டும், யாரோ ஒருவர். பேஸ்மென்ட் 14-க்கு நான் கை வைக்க மாட்டேன், அந்தக் கதவை இன்னொரு தடவை சீவினால் போதும். இருபத்தைந்து வருடத்தில் இரண்டு விரல்தான் போயிருக்கிறது.

நீங்கள் திருத்துவதாக இருந்தால் இரண்டு விஷயம். டிபி கல் இறக்கும்போது லொறிக்காரன் தரும் துண்டுச் சீட்டை எறியாதீர்கள். குழி வெறுமையாக இருக்கும்போதும், கல் நிரப்பும்போதும், தரை ஊற்றும்போதும் படம் எடுங்கள். மூடிய பிறகு எல்லாத் தரையும் ஒரே மாதிரித்தான் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

என் தொழிலே கணக்கு, ஆகவே கணக்காகச் சொல்கிறேன்.

அறிக்கையை மட்டும் காட்டினால் வாங்குகிறவர் மனதில் ஒரு தொகை போடுவார். மனிதன் பயத்தில் போடும் தொகை, ஒப்பந்தக்காரர் போடும் தொகையைவிட எப்போதும் பெரியது. வீடே போய்விடும் என்று நினைத்து எண்பதாயிரம் கழிப்பார். அவர் கற்பனை செய்ய இடம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தக்காரர்களிடம் எழுத்தில் இரண்டு விலை வாங்கி அறிக்கையோடு சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். அவர் கழித்தால் அந்தத் தொகையைத்தான் கழிக்க முடியும்.

நீங்களே திருத்துவதை நான் விரும்பவில்லை. லாவலில் இருந்துகொண்டு பிரோசாரில் வேலை மேற்பார்க்க முடியாது, பிழை வந்தால் அதற்கும் நீங்கள்தான் பொறுப்பு.

முன்பு எழுதியதைப் பற்றி: பரிசோதனைக்கு 1,150 கொடுத்தது சரிதான். கணக்குத்தான் என்னை மாற்றியது, கோவில் வாசல் இல்லை.

மூன்றாம்பனி

எந்த வாசலானாலும் வந்தது நல்லது.

கோப்புக்கட்டு

அறிக்கையும் இரண்டு விலைகளும் அறிவிப்புப் படிவத்தில் குறிப்பிடப்பட வேண்டும். வாங்குகிறவர் அவற்றைப் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்து வைக்க வேண்டும். "வாயால் சொன்னோம்" என்பது எங்கள் அலுவலகத்தில் ஒன்றும் சொல்லாததற்குச் சமம். வாங்குகிறவர் வங்கியிடமும் முதலிலேயே காட்டட்டும். சில வங்கிகள் இந்தப் பகுதி வீடுகளுக்கு அறிக்கை கேட்கும், கடைசிக் கிழமையில் கேட்டால் எல்லோருக்கும் தலைவலி.

பனங்கூடல்

நாளாகிவிட்டது, மன்னியுங்கள். விற்றாயிற்று, நொத்தாரிசிடம் கையெழுத்து அடுத்த வெள்ளி.

முகவரை மாற்றினோம். புதியவர் ஒரு பெண், அறிக்கையைப் பார்த்து "நல்லது, வேலை குறைந்தது" என்றார். கராஜுக்கு வந்த விலைகள் 19,200, 23,500. வீட்டுக்கு 565,000 கேட்டோம். முதல் இரண்டு பேர் பைரைட் என்ற சொல்லைப் பார்த்ததும் திரும்பி வரவில்லை. அந்தக் கிழமை தங்கை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் தரையோடு வாழ்ந்த மனிதர், ஓடு பதிக்கும் தொழில், போர்த்துக்கீசர். அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கராஜில் ஒரு நிமிடம்தான் நின்றார். பேஸ்மென்ட் கதவுக்கு முன்னால் பத்து நிமிடம் குந்தியிருந்தார். அடி விளிம்பைத் தடவிப் பார்த்து, யார் சீவியது என்று கேட்டார். அப்பா என்றேன். "கை நேரான கை, தரைதான் கோணல்" என்றார்.

543,000-க்கு முடிந்தது. கராஜை அவரே உடைத்துப் போடுவாராம். கணக்குப்பிள்ளை அண்ணா, அவர் கழித்தது 22,000. உங்கள் இரண்டு விலைகளுக்கும் நடுவில்.

கோப்புக்கட்டு, ஒரு சின்னச் சந்தேகம். கதவு வீட்டோடு சேர்ந்ததா?

கோப்புக்கட்டு

கீலில் மாட்டியிருக்கும் எல்லாம் வீட்டோடு போகும். எடுக்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

பனங்கூடல்

இருக்கட்டும், அவருக்குத் தேவைப்படும். சீவுளியை எடுத்துவிட்டேன்.

நாவற்கிளை

இழை முழுவதும் வாசித்தேன். எங்கள் வீடும் தெற்குக் கரையில்தான், செந்தூபேரில், 1991-இல் கட்டியது. கராஜில் வெடிப்பு இல்லை, ஆனால் பேஸ்மென்டில் இரண்டு கதவுகள் பூட்டு விழாமல் நிற்கின்றன. விற்கும் எண்ணம் இப்போது இல்லை. இருந்தாலும் பார்க்க வேண்டுமா?

சீமெந்துக்கை

பூட்டு விழாதது எந்த மாதத்தில்?